அவலான் ஊர் ஜான் ஹர்ட்: 34 வருடம் கழித்தும் கை எப்படி அப்படியே இருந்தது?

கோபிவாய்க்கால் கேட்டது:

வணக்கமுங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒன்றரை வருடமாகக் கிட்டார் பழகுகிறேன்.

போன மாதம் ஒரு ஷிப்மென்ட் நெருக்கடி. ராத்திரி இரண்டு மணி வரை பேக்கிங்கில் நிற்க வேண்டியிருந்தது. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எதிலிருந்தோ எதற்கோ போய், மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒருவர் பாட்டு வந்தது. கத்தல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி ஒரு குரல். கூடவே கிட்டார், ஓடை மாதிரி. அன்றைக்கு அதே பாட்டை ஆறு தடவை கேட்டேன்.

அப்புறம் தேடிப் பார்த்ததில், அவர் 1928இல் இசைத்தட்டுக்குப் பாடியிருக்கிறார். அடுத்து பாடிப் பதிவானது 1963இல். நடுவில் முழுக்க விவசாயம், மாடு என்று இருந்திருக்கிறார். இரண்டு காலத்திலும் பாடிய ஒரே பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். குரலில் வயது தெரிகிறது, விரலில் தெரியவில்லை. நான் பத்து நாள் கிட்டாரைத் தொடாவிட்டால் விரல் மரக்கட்டை ஆகிவிடுகிறது. 34 வருடம் எப்படி?

இதைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, இப்போது 79 வயது. உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுவார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கடைசியாகப் பாடிக் கேட்டது. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை, அவரும் விட்டுவிட்டார். ஒரு தடவை கேட்டதற்கு, "கை போச்சு கண்ணு, குரலும் போச்சு" என்றார். அதோடு நானும் கேட்கவில்லை. ஹர்ட்டைக் கேட்டதிலிருந்து அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரை மறுபடியும் பாடச் சொல்லிக் கேட்கலாமா, அது அவருக்குச் சங்கடமாகிவிடுமா என்று தெரியவில்லை.

இன்னொன்று, ஹர்ட்டின் கட்டைவிரல் செய்வதை எப்படிப் பழகுவது? எனக்குச் சொல்லிக்கொடுப்பவர், அதில் இரண்டு கிட்டார் வாசிக்கிறார்கள் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்க.


நொய்யல்கரை பதில்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். எனக்கு 67 வயது. சிங்காநல்லூர் பக்கம் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹர்ட் பாட்டை நான் முதலில் கேட்டது 1986இல். கூட வேலை செய்தவரின் தம்பி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த, மேலே ஒன்றும் எழுதாத ஒரு கேசட். பாடுவது யார் என்றே எட்டு வருடம் தெரியாது. உங்கள் வாத்தியார் மாதிரித்தான் நானும் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரே ஆள்தான் தம்பி. ஒரு கிட்டார், பத்து விரல்.

அவர் கதையைத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் கரோல் கவுண்டி. அதில் அவலான் என்று ஒரு சின்ன ஊர். பிறந்த வருடத்தை 1892 என்றும் 1893 என்றும் எழுதுவார்கள். கறுப்பினக் குடும்பம், காட்டு வேலை. ஒன்பது வயது வாக்கில் அம்மா ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார், ஒன்றரை டாலருக்கு என்று ஹர்ட்டே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். அவர்கள் வீட்டுக்கு கிட்டார் வாசிக்கிற ஒருவர் வந்து தங்குவார். சின்னப் பையனைத் தொட விடமாட்டார். பையன் அவர் தூங்கும் வரை காத்திருந்து, ராத்திரியில் எடுத்து வாசித்துப் பழகினான். வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது, ஆனால் தனக்குக் கேட்க வேண்டும். வாழ்க்கை முழுக்க அவர் வாசிப்பில் அந்த மெதுவு இருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்.

அவலான் இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மிசிசிப்பி டெல்டா என்பது மேசை மாதிரித் தட்டையான பருத்திச் சீமை. அந்தச் சமவெளி முடிந்து மேடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது இவர் ஊர். டெல்டாவில் சார்லி பேட்டன், சன் ஹவுஸ் எல்லாம் தொண்டை கிழியப் பாடினார்கள், நரம்பை அறைந்து வாசித்தார்கள். பெரிய கூட்டம், ஆட்டம், சத்தம், அதை மீறிக் கேட்க வேண்டும் அல்லவா. ஹர்ட்டுக்கு அந்தத் தேவை இல்லை. நாலு குடும்பம் கூடும் சனிக்கிழமை ராத்திரிதான் அவர் சபை. புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஒரு பாட்டு வகை. புளூஸ்காரர் என்று அவரைச் சொல்கிறோம், ஆனால் கதைப்பாட்டு, கோயில் பாட்டு, ஆட்டத்துக்கான பாட்டு எல்லாம் பாடுவார். லூயிஸ் காலின்ஸ் என்று ஒரு பாட்டு இருக்கிறது, சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றியது. ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டதை வைத்துக் கட்டியதாகச் சொல்லியிருக்கிறார். நம் பக்கம் சந்தையில் கொலைச் சிந்து பாடிப் புத்தகம் விற்பார்களே, நான் சின்ன வயதில் பெருந்துறைச் சந்தையில் கேட்டிருக்கிறேன். அந்த ஜாதிப் பாட்டுதான். ஆனால் சிந்து பாடுகிறவர் கூட்டம் சேர்க்கக் குரலை உயர்த்துவார். ஹர்ட், செத்தவனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரிப் பாடுகிறார்.

இசைத்தட்டுக்கு அவர் போனதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூலம்தான். வில்லி நார்மோர் என்று ஒரு வெள்ளைக்காரப் பிடில்காரர், ஷெல் ஸ்மித் என்று அவர் கூட்டாளி. ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடும் வாய்ப்பு நார்மோருக்குக் கிடைத்தது. கம்பெனி ஆள், உங்கள் ஊரில் வேறு நல்ல பாட்டுக்காரர் உண்டா என்று கேட்க, அவர் ஹர்ட் வீட்டைக் காட்டினார். 1928 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத்தில் எட்டுப் பாட்டுப் பதிவு. பெரிய ஹால், அதில் மூன்றே பேர். மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் பல நாள் கழுத்து வலித்தது என்று பின்னாளில் சொன்னார். எட்டில் வெளியே வந்தது இரண்டுதான்.

அந்தத் தட்டு ஓரளவு விற்றதால் அதே வருடம் டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். கடும் குளிர், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்து ஊர் ஞாபகத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். அவலான் என் சொந்த ஊர், எப்போதும் மனசில் அதுதான் என்று அது தொடங்கும். அதையும் அங்கேயே பதிவு செய்துவிட்டார்கள். இந்தப் பாட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது. பேருக்கு முன்னால் மிசிசிப்பி என்று ஒட்டியதும் கம்பெனிதான், விற்பனைக்காக.

1929இல் அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் விழுந்தது. சோற்றுக்கே வழி இல்லாதவர்கள் இசைத்தட்டு எங்கே வாங்குவார்கள்? ஓகே மறுபடி கூப்பிடவில்லை. ஹர்ட் அவலானிலேயே இருந்தார். பருத்தி, சோளம், மாடு.

இனி 1952. ஹாரி ஸ்மித் என்பவர் தான் சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டைப் பொறுக்கி, ஆறு நீண்ட தட்டுகளாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் ஹர்ட் பாட்டு இரண்டு. அதைக் கேட்டு ஒரு தலைமுறை இளைஞர்கள் கிட்டார் பழகினார்கள். பாடியவர்கள் பெரும்பாலும் செத்துப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ஓர் இளைஞர் கையில் அந்த ஊர்ப் பாட்டின் பதிவு கிடைத்தது. அப்போதைய வரைபடத்தில் மிசிசிப்பியில் அவலானைக் காணோம். பழைய வரைபடப் புத்தகம் ஒன்றில் கிடைத்தது. 1963 மார்ச்சில் கிளம்பிப் போனார். ஊர்க் கடையில் நின்று, ஜான் ஹர்ட் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டார். மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி என்று கை காட்டினார்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கடையில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கண்டுபிடித்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தொலைந்தால்தானே கண்டுபிடிக்க வேண்டும்? கடையில் கேட்டால் வழி சொல்கிறார்கள். அவர் தொலைந்தது இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்குத்தான். இடைப்பட்ட வருடங்களில் அக்கம் பக்கத்தில் விசேஷம் என்றால் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். ஹாஸ்கின்ஸ் போனபோது அவரிடம் சொந்தக் கிட்டார் இல்லை. ஹாஸ்கின்ஸ் கொடுத்ததை வாங்கி வாசித்துத்தான், நான்தான் அந்த ஆள் என்று காட்டினார்.

எங்கள் அய்யன், அதாவது அப்பா, கவலை ஓட்டியவர். எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுதான் கவலை. தெற்கே கமலை என்பார்கள். எருதுகள் வாரி என்ற சரிவில் இறங்கும், தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் கொட்டும், எருதுகள் பின்வாங்கி ஏறும். விடியற்காலை தொடங்கினால் வெயில் ஏறும் வரை அதே நடை. எருது வேகத்தை மாற்றாது. வடத்தின் மேல் உட்கார்ந்து அய்யன் பாடும் பாட்டு மட்டும் முன்னே ஓடும், பின்னே இழுக்கும், நடுவில் நிற்கும். எருது இறங்குகிற இடத்தில் சரியாக வந்து சேர்ந்துகொள்ளும். ஹர்ட்டின் கட்டைவிரல் எருது. மற்ற விரல்கள்தான் பாடுகிற ஆள். மோட்டார் வந்து கவலை நின்று பதினைந்து வருடம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அய்யன் பந்தலில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடினார். ஓர் அடி கூடத் தவறவில்லை. வேலையோடு சேர்ந்து உடம்பில் இறங்கினது அவ்வளவு சீக்கிரம் போகாது.

அப்பாரிடம் கேளுங்கள். கேமரா வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.


பருத்திக்காடு பதில்:

நொய்யல்கரை அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா அவினாசிப் பக்கம் பண்ணையாள். தம்பட்டமும் அடிப்பார். பகலில் காட்டில் வேலை, நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, வந்தால் அதே ஆட்களுக்கு முன்னால் தம்பட்டம். அவர் அடியை ஊரே மெச்சும். மெச்சினவர்கள் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார முடியாது. அதனால், ஊருக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்தார் என்று படிக்கும்போது எனக்கு அந்த ஊர் எப்படிப்பட்டது என்ற கேள்விதான் முதலில் வரும்.

மிசிசிப்பியில் வாரச் சாகுபடி எப்படி நடந்தது என்று பாருங்கள். நிலம் வேறொருவருடையது. விதை, சாமான், சாப்பாட்டுக்கு மாவு எல்லாம் கடன். பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்கு அவர் நோட்டில் அவர் எழுதுவது. பல குடும்பங்களுக்கு வருடக் கடைசியில் கையில் நின்றது கடன் மட்டும். ஹர்ட் 1928இல் பாடியதற்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தடவைக் காசு. அந்தப் பாட்டை வைத்து ஒரு தலைமுறையே கிட்டார் பழகியதே, 1952இல் இருந்து 1963 வரை அது அவருக்குத் தெரியவே தெரியாது.

1963 மார்ச் என்பதையும் அப்படியே கடந்துபோக முடியாது. அவலானுக்கு இருபது முப்பது கிலோமீட்டரில் கிரீன்வுட் என்ற டவுன். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அங்கே பெரிய இயக்கம் நடந்த நேரம் அது. பிப்ரவரி கடைசியில் அந்த ஊருக்கு வெளியே காரில் போன தொண்டர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. மார்ச் கடைசியில், பெயர் பதியப் போன ஊர்வலத்தின் மேல் போலீஸ் நாயை ஏவியது. 1955இல் எம்மெட் டில் என்ற பதினாலு வயதுப் பையனைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்களே, அவனைக் கடத்திய மணி என்ற சிற்றூரும் கிரீன்வுட்டுக்குப் பக்கம்தான். அந்தச் சூழலில் முன்பின் தெரியாத வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று, ஜான் ஹர்ட் நீங்கள்தானா என்கிறார். ஹர்ட் அவரை எஃப்பிஐ என்ற மத்தியப் புலனாய்வுத் துறை ஆள் என்று நினைத்துவிட்டார், நான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று பயந்தார். இதை வேடிக்கைக் கதையாகவே பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுபது வயதில் ஒரு மனிதர் அப்படிப் பயப்பட வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

அவர் பாட்டில் இருக்கும் சாந்தம் எனக்கும் பிடிக்கும். அந்த ஊர் சாந்தமாக இருந்ததால் வந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அத்தனைக்கும் நடுவில் அவர் காப்பாற்றி வைத்தது அது.

கோபித் தம்பி, உங்கள் அப்பாரு ஏன் விட்டார் என்று தெரிந்துகொண்டு பாடச் சொல்லுங்கள். கூப்பிடாததால் விட்டாரா, கூப்பிட்ட இடத்தில் ஏதாவது நடந்ததால் விட்டாரா?


ஆழியாறு பதில்:

பொள்ளாச்சியில் எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். பெரியவர்கள் பேசியதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை, கட்டைவிரலுக்கு மட்டும் வருகிறேன்.

முதலில் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். ஹர்ட் வெறும் விரலால் வாசித்தவர். மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டார் பலகை மேல் ஊன்றியிருக்கும். வேலை செய்வது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான். அவர் வாசிக்கும் படம் கிடைக்கிறது, கையை மட்டும் பாருங்கள்.

சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி. ஒரு வாரத்துக்கு வேறு எதையும் தொடாதீர்கள். பேசிக்கொண்டே அடியுங்கள், டிவி பார்த்துக்கொண்டே அடியுங்கள், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டே அடியுங்கள். பதில் சொல்லும்போது கட்டைவிரல் தடுமாறினால் இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வாரம் மேல் கம்பியில் ஒரே ஒரு சுரம். முதலில் கட்டைவிரல் அடிக்கும்போதே சேர்த்துக் கிள்ளுங்கள். அது பழகினதும் அதே சுரத்தை இரண்டு அடிக்கு நடுவில் கொண்டு வாருங்கள். எல்லோரும் விழும் இடம் இதுதான். மேல் சுரம் தள்ளிப் போனதும் கட்டைவிரலும் கூடவே தள்ளிப் போகும். என் மாணவிகளில் வள்ளிக் கும்மி ஆடுகிற இரண்டு பெண்களுக்கு மட்டும் இது ஒரே நாளில் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன். கும்மியில் கால் ஒரு கணக்கில் போகிறது, கை தட்டுவது ஒரு கணக்கு, வாய்ப்பாட்டு இரண்டுக்கும் மேலே மிதக்கிறது. அவர்கள் உடம்பு அதை ஏற்கெனவே படித்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கமும் கும்மிப் பயிற்சி நடக்குமே, ஒரு மாதம் போய் ஆடுங்கள். மனமாரச் சொல்கிறேன், கிட்டார் தன்னால் மாறும்.

பழக லூயிஸ் காலின்ஸ் நல்லது. சி கார்டைச் சுற்றியே போகும், வேகம் குறைவு. ஸ்பைக் டிரைவர் புளூஸ் கேட்க எளிதாகத் தெரியும், அப்புறம் எடுங்கள். அது தண்டவாள வேலை செய்த ஒருவரிடம் ஹர்ட் கற்றுக்கொண்ட பாட்டு. சம்மட்டி அடிப்பவனின் பாட்டு என்றாலும் அவசரமே இருக்காது. அந்த அவசரமின்மையை வாசிப்பதுதான் கஷ்டம்.

1928 பதிவுகள் பின்னாளில் பாடியதைவிட வேகமானவை. பழக 1963க்கு அப்புறம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கை அப்படியே இருந்தது என்று சொல்கிறீர்கள், எனக்கு வயதான கைதான் இன்னும் அழகாகத் தோன்றுகிறது. சுரங்களுக்கு நடுவே மூச்சு விட இடம் கொடுக்கிறது.


நொய்யல்கரை மறுபடியும்:

பருத்திக்காடு, நீங்கள் சொன்னது சரி. நான் கவலைப் பாட்டை எழுதினேன், அந்தக் கிணறு யாருடையது என்று எழுதவில்லை. எங்களுடையது. வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டினவர்கள் வேறு ஆட்கள், அவர்களும் பாடினார்கள். அந்தப் பாட்டு எனக்கு இரண்டு அடி கூடத் தெரியாது. உங்கள் பதிலைப் படித்த பிறகு இரண்டு நாளாக அதுதான் மனதில் ஓடுகிறது. தாத்தாவின் அடிகள் யாருக்காவது தெரியும் என்றால் எழுதுங்கள், நான் நேரில் வந்து கேட்கத் தயார்.

கோபித் தம்பிக்கு ஒரு விஷயம் விட்டுவிட்டேன். எல்லோருக்கும் ஹர்ட் மாதிரி அமையவில்லை. சன் ஹவுஸை 1964இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்தில் தேடிப் பிடித்தார்கள். அவர் பல வருடமாகக் கிட்டாரை விட்டிருந்தார், கை மறந்திருந்தது. அவர் பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த ஆலன் வில்சன் என்ற இளைஞர் கூட உட்கார்ந்து, அவர் பாட்டை அவருக்கே ஞாபகப்படுத்தினார். அப்புறம் சன் ஹவுஸ் எழுந்து பாடினது அரங்கத்தையே உலுக்கியது. அதனால் அப்பாரு கை போச்சு என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும். நீங்கள் மூன்றாம் வகுப்பில் கேட்டதில் எத்தனை அடி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

புக்கா ஒயிட் கதையும் சொல்ல வேண்டும். அவரும் தன் ஊரான அபர்டீனைப் பற்றிப் பாடியிருந்தார். 1963இல் இரண்டு இளைஞர்கள் அவர் பெயர் போட்டு, பழைய புளூஸ் பாடகர், அபர்டீன், மிசிசிப்பி என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டார்கள். அவர் அப்போது மெம்பிஸில் இருந்தார். கடிதம் கைமாறி அவரிடமே போய்ச் சேர்ந்தது. பாட்டில் ஊர்ப் பெயரை வைத்தவர்கள் இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள்.

ஹர்ட்டுக்கு அதற்கப்புறம் மூன்றரை வருடம்தான். 1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு, கல்லூரிகள், காபிக் கடைகள், தொலைக்காட்சி. மனைவி ஜெஸ்ஸியோடு வாஷிங்டனில் வீடு எடுத்து இருந்தார். கடைசியில் மிசிசிப்பிக்கே திரும்பிவிட்டார். 1966 நவம்பர் 2ஆம் தேதி கிரெனடாவில் இறந்தார், அவலான் பக்கத்திலேயே அடக்கம்.


கோபிவாய்க்கால் மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றிங்க. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊருக்குப் போக முடிகிறது.

நொய்யல்கரை ஐயா சொன்ன மாதிரி ஞாபகம் இருந்ததை எழுதிப் பார்த்தேன். பதினொரு அடி வந்தது. கதையில் அண்ணன்மாரின் தங்கை தங்காள் கிளி கேட்கும் இடம், அதில் பாதி. போன வாரம் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அப்பாரு கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீழே உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் அந்த அடிகளை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது அடியில் "அப்படி இல்லீடா" என்றார். திருத்தினார். அடுத்ததையும் திருத்தினார். அப்புறம் வெற்றிலைப் பெட்டி மூடியைத் திருப்பி மடியில் வைத்து விரலால் தட்ட ஆரம்பித்தார்.

குரல் உடைந்துதான் வந்தது. மேல் ஸ்தாயி ஏறவில்லை, ஏறாத இடத்தைப் பேச்சாகச் சொல்லிக் கடந்தார். தட்டு மட்டும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சமையல்கட்டிலிருந்து அம்மா வந்து கதவோரம் நின்றார். இருபது நிமிடம் இருக்கும்.

பருத்திக்காடு அண்ணா கேட்டதையும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். ஒரு நோம்பிக்குப் பாட உட்கார்ந்தபோது, பாதிக் கதையில் மைக்கை நிறுத்திவிட்டு ஆர்கெஸ்ட்ரா பாட்டைப் போட்டுவிட்டார்களாம். தங்காள் அழுகிற இடம். கதையைப் பாதியில் விடக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து மீதியை யாருமில்லாமல் தனியாகப் பாடி முடித்துவிட்டு உடுக்கையைப் பரண் மேல் போட்டிருக்கிறார். எனக்கு இத்தனை வருடமாக இது தெரியாது.

பரணிலிருந்து உடுக்கையை இறக்கினோம். ஒரு பக்கத் தோல் எலி கடித்துப் போய்விட்டது, இன்னொரு பக்கம் விறைத்துக் கிடக்கிறது. கயிறும் இற்றுவிட்டது. உடம்புக் கட்டை நன்றாகத்தான் இருக்கிறது, அப்பாரு எண்ணெய் தடவி வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறார். இழுத்துக் கட்டத் தெரிந்த ஆள் அந்தியூரில் ஒருவர் இருந்தாராம், இப்போது இல்லை. காங்கேயம், தாராபுரம், பவானி எங்கே என்றாலும் பரவாயில்லை. உடுக்கைக்குத் தோல் மாற்றிக் கட்டுகிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்க, வருகிற ஞாயிறே எடுத்துக்கொண்டு போகிறேன். அப்பாருவும் கூட வருகிறேன் என்கிறார். தோலைத் தொட்டுப் பார்த்துத்தான் சம்மதிப்பாராம்.